அரைப்பேர்

கொழும்பில் வீட்டுக்காரர் மூன்றாவது தடவை வாடகையைக் கூட்டியபோது, அவரோடு வாதாடும் அளவுக்கு எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஊரை விட்டு ஓடும் அளவுக்கு இருந்தது. மென்பொருள் எழுதும் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "ஒரு மாசம் பார்ப்போம். நெட் சரிவராட்டி திரும்பி வந்துரணும்" என்றார். பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் ஒன்றான மாமியார் வீட்டில் போய் இறங்கினோம். சட்டிபானைப் பெட்டிகளின் கயிற்றை மனைவி அவிழ்க்கவில்லை. என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தோட்டத்தில் பகலில் வீட்டிலிருக்கும் ஆண் என்றால், ஒன்று காய்ச்சல்காரன், இல்லையென்றால் வேலை போனவன். என் தொப்பையைப் பார்த்தவர்கள் காய்ச்சலை நம்பவில்லை. ஒருநாள் மாமியார் மெதுவாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை, கொழுந்து நிறுக்க ஆள் தேடுறாங்களாம். சொல்லி வைக்கவா?"

"எனக்கு வேலை இருக்கு அத்தை. தினம் காலையில எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஒண்ணு கூடுவோம். யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சுக் குடுப்பாங்க."

"அட, பெரட்டு!" தினம் விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று, கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றவர் அவர். முகம் மலர்ந்துவிட்டது. "பிந்திப் போனா அரைப்பேர்தானே?"

அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம். ஆமாம் என்றேன். விளக்குவதைவிட அது சுலபம்.

மேலதிகாரி முடிவு சொல்லவிருந்த காலை, காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனது. கூடவே நெட்டும். நான் மனதுக்குள் கொழும்பில் வீடு தேடத் தொடங்கினேன். மாமியார் வாசலுக்கு ஓடிப்போய், அடுத்த லயத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, மாப்பிள்ளைக்குப் பெரட்டு பிந்துது! வண்டிய எடு!"

கோயில் வளைவில்தான் ஃபோனுக்கு முழு சிக்னல் கிடைக்கும். ஆட்டோவின் பின்சீட்டில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக் கூட்டத்தில் சேர்ந்தேன். கூடவே ஏறியிருந்த மாமியார் என் தோளுக்கு மேலால் திரைக்குள் தலையை நீட்டினார்.

"ஐயா, கரண்ட் போச்சுங்க. அதான் பிந்திட்டாரு. அரைப்பேர் போட்டுறாதீங்க."

எனக்கு ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. பிறகு மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கம்மாவும் அரைப்பேருக்கு இப்பிடித்தான் பயப்படுவாங்க. முழுப்பேரே போடுறேம்மா. அவரு அங்கேயே இருக்கட்டும்."

அவரும் லயத்தில் பிறந்தவர் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. நானும் தோட்டத்தில் பிறந்ததை மறைத்து, என் ஊரை அவரிடம் பதுளை என்றுதான் சொல்லியிருந்தேன்.

இப்போது விடிந்தும் விடியாமலும் மாமியார் கதவைத் தட்டுகிறார். கொழும்பில் பத்து நிமிடம் பிந்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே அது நடக்காது. அன்று நாங்கள் வீடு திரும்பி முடிவைச் சொன்னதும், மனைவி கத்தரிக்கோல் தேடத் தொடங்கினாள். சட்டிபானைப் பெட்டிக் கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்ததாம்.