மீன் கூடை ஐஸும் சூட்டுப் படமும்

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன் நான். சில மாதங்களாக விரல் முட்டிகள் வீங்கி, காலையில் கையை மடக்கவே முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால், "நடிக்கிறான்யா" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார். மூட்டின் சூட்டைப் படம் பிடிக்கும் புதிய இயந்திரம் சென்னையில் வந்திருக்கிறது என்று கம்பெனியே என்னை அனுப்பியது. அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் வேலை போய்விடும். என்னைக் கழற்றிவிடத்தான் இந்த ஏற்பாடு என்று சந்தேகப்பட்டேன்.

ரயிலில் வலி தாங்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பொன்னேரியில் ஏறிய மீன்காரம்மா, "இன்னா நைனா, கையி இப்டி வீங்கிக்கினு கீது? இத்த வெச்சிக்க" என்று கூடையிலிருந்த ஐஸை என் துண்டில் கட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கூப்பிடும்வரை அதைப் பிடித்திருந்தேன்.

படத்தில் கை முழுவதும் கறுப்பாக இருந்தது. "சூடே இல்லியே" என்றார் படம் எடுத்த அம்மா. இயந்திரமும் கம்பெனி பக்கம்தான் என்று நினைத்தேன்.

"கையில இன்னாங்க, மீன் வாசனை அடிக்குது?" என்று அவரே கேட்டார்.

கூச்சத்தை விட்டு, மீன் கூடை ஐஸைப் பற்றிச் சொன்னேன்.

"நல்ல ஆளுங்க நீங்க. ஐஸ் வெச்ச கையில சூட்டை எங்கேருந்து தேடுறது?"

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார். சூடான முட்டிகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. முடக்குவாதம் என்று டாக்டர் எழுதித் தந்தார். வேலை தப்பியது.

இப்போதெல்லாம் எந்தப் பரிசோதனைக்குப் போனாலும், காலையிலிருந்து உடம்பில் தடவியது, கட்டியது எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கம்பெனியை இன்னும் நம்ப முடியவில்லை; டாக்டர் சீட்டை அங்கே கொடுக்கும் முன், மடங்காத விரலால் ஒரு நகலும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.