கடல் இல்லாத தேசத்துக் காற்று

எதிர்வீட்டு அரிசி மில்காரர் மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே வருஷத்தில்தான் காசநோய் கண்டது. உலக யுத்தம் முடிந்ததும் அவர்கள் தங்கள் பெண்ணைக் கப்பலேற்றி ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். நான் பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்துப் பார்த்தேன். அந்த நாட்டுக்கு எந்தப் பக்கமும் கடல் இல்லை, எங்கும் மலைதான். ஈரமில்லாத காற்றாம். பனியின் மேல் வெயில் அடிக்குமாம். அதில் படுத்திருந்தாலே நுரையீரல் ஆறுமாம். எங்கள் திருத்தணியிலும் மலை இருக்கிறது. கோடையில் பாறை கொதிக்கிறது. அந்தக் காற்றை நினைத்து நினைத்து வயிறெரிந்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று கோயிலில் அந்தப் பெண்ணின் தாயைப் பார்த்தேன். மகள் வர முடியாததால், அவளுக்கான வேண்டுதலுக்குத் தானே மொட்டை போட்டிருந்தாள். தலையெல்லாம் சந்தனம்.

"உம் பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள்.

"ராத்திரியெல்லாம் இருமிக்கினே இருக்கா, அக்கா. உங்க பொண்ணுக்கு என்ன கொறை, நல்ல காத்து," என்றேன் குத்தலாக.

"ஆங், காத்து நல்லாத்தான் இருக்குதாம்," என்றாள். "உனக்கு உம் பொண்ணு இருமறதாவது காதுல விழுது."



அந்தக் காற்றின் மேல் எனக்கு இன்றும் பொறாமை போகவில்லை. ஆனால் மகள் இருமும்போது இப்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொள்வதில்லை.