கறுப்புக் கம்பளியும் ஏழாம் கட்டளையும்

பத்துக் கட்டளைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஏழாவது. களவு செய்யாதிருப்பாயாக. ஆறாவது மோக பாவத்தைப் பற்றியது, பேசக் கூச்சம். ஐந்தாவதைப் பேசலாம் என்றால் கொலை செய்கிற ஆட்களை நான் எங்கே தேடுவது? ஏழாவது என்றால் போதும், என் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள்; நான் அதை உத்தியோகமாகவே வைத்திருந்தேன். கிழமை நாட்களில் கண்டியில் கத்தோலிக்கக் கோயில் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார், சனி ஞாயிறுகளில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு உபதேசியார்.

களவுக்கு இவ்வளவு பயந்த மனுசனிடம் களவு போக என்ன இருந்தது என்று கேட்டால், வாவிக்குப் பின்னால் ஒரு வாடகை அறை, ஒரு தகரப் பெட்டி, கால் ஆடுகிற ஒரு கதிரை. சொத்து இல்லாதவனுக்குத்தான் சொத்துரிமையில் அத்தனை பக்தி வரும் போலிருக்கிறது.

இல்லை, ஒன்று இருந்தது. என் கோட்டு. சாம்பல் நிறம், தடித்த உரோமத் துணி, உள்ளுக்குப் பட்டுப்போல ஒரு உள்துணி. பஜாரில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் என்னை மூன்று தரம் வரவழைத்து அளவு பார்த்துத் தைத்தது. அதைப் போட்டால் நான் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் மாதிரி இருப்பதாக அவர் சொன்னார். வாங்குகிற எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். தோட்டத்துக்கு அதைப் போடாமல் போனதே கிடையாது. வெயில் எரிக்கிற மத்தியானத்திலும் பொத்தான் கழற்றமாட்டேன்.

தேயிலை விலை விழுந்திருந்த காலம் அது. தோட்டங்களில் சம்பளத்தை வெட்டினார்கள், வேலை நாட்களைக் குறைத்தார்கள். வருஷா வருஷம் தொழிலாளருக்குக் கொடுத்துவந்த கறுப்புக் கம்பளியையும் எங்கள் தோட்டத்தில் அந்த வருஷம் கொடுக்கவில்லை. முந்தின வருஷத்துக் கட்டு ஒன்று ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. எலிக்குப் படுக்கையாக இருந்தது என்று பிறகு அறிந்தேன். அந்த மலையில் தை மாசி மாதப் பனி எலும்புக்குள் போகும். எனக்குக் கோட்டு இருந்தபடியால் பனி அழகாகத் தெரிந்தது.

தபசுகாலம் தொடங்கியது. பாஸ்காத் திருநாளுக்கு முன் கண்டியிலிருந்து பங்குச் சுவாமி வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், அதற்குள் சனங்களை நான் ஆயத்தப்படுத்தவேண்டும். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், அதை ஒட்டி நான் சனி இரவில் தங்குகிற ஒரு அறை. முதல் ஞாயிறே ஏழாம் கட்டளையை எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை, உரித்து எடுத்தேன். களவு எடுத்தவன் அழுதால் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுக்க மனமில்லாதவனுக்குச் சுவாமி ஆசீர்வாதம் சொன்னாலும் அது மோட்சத்துக்குப் போய்ச் சேராது என்றேன். முன்வரிசையில் ஒரு இளம் தாய் இருந்தாள். ஸ்டோர் கூட்டுகிற வேலை அவளுக்கு. மடியில் பிறந்து இரண்டு மாதம் ஆகாத பெண் குழந்தை, விடாமல் இருமிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்தது புத்தம் புதுக் கறுப்புக் கம்பளி.

நான் பார்த்தேன். பார்த்ததும் குரலை இன்னும் உயர்த்தினேன். அவள் தலை குனிந்தது. ஆகா, வார்த்தை விழுந்த இடத்தில் வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தால் அதற்கும் திருச்சபை வழி வைத்திருக்கிறது. வேறொருவர் கையால் கொடுக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. உள்ள நடைமுறைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? அந்த வேறொருவராக நானே இருக்கிறேன், என் அறை வாசலில் வையுங்கள், யார் என்று கேட்கமாட்டேன் என்று மார்பில் கை வைத்துச் சொன்னேன். கோட்டின் மேல்தான் கை வைத்தேன்.

அடுத்த சனி போனேன். வாசலில் கால் வைக்க இடமில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திகள், கொழுந்துக் கூடைகள், சாக்கு, கயிறு, துரை பங்களாவிலிருந்து புறப்பட்ட வெள்ளிக் கரண்டி ஒன்று, யன்னல் இல்லாமல் தனியாக ஒரு யன்னல் கொண்டி, கால் கட்டிய ஒரு பேட்டுக் கோழி. கண்டிப் பொலிஸ்காரன் யாராவது அந்த வழியால் வந்திருந்தால் என்னை அப்படியே கூட்டிக்கொண்டு போயிருப்பான். எல்லாவற்றுக்கும் மேலே, நாலாக மடித்து, கறுப்புக் கம்பளி. குழந்தையின் பால் வாசம் இன்னும் போகவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தக் குருவானவருக்காவது இப்படி ஒரு அறுவடை கிடைத்ததா? இரண்டு பேரைப் பிடித்து எல்லாவற்றையும் சுமக்கச் செய்து, ஊர்வலம் போலத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் என்னையும் சாமானையும் மாறி மாறிப் பார்த்தார். வாத்தியார் கூப்பிட்டால் திருட்டுச் சாமான் தானாக நடந்து வருகிறதே என்றார். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். கோழி தோட்டத்துச் சொத்து இல்லை, சொந்தக்காரரை விசாரித்துக் கொடுக்கிறேன் என்று தனியே எடுத்து வைத்தார். மறுநாள் பூசைச் செபம் முடிந்து அவர் வீட்டைத் தாண்டி வரும்போது கோழிக்கறி மணந்தது. விசாரணை முடிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு அவள் பின்வரிசையில் இருந்தாள். குழந்தையைப் பழைய சேலைத் துண்டிலும் ஒரு சாக்கிலும் சுற்றியிருந்தாள். இருமல் சத்தத்தில் எனக்கு இரண்டு முறை பாடம் தடுமாறியது. பிள்ளையை வெளியே கொண்டுபோனால் நல்லது என்று கூடச் சொன்னேன். வெளியே பனி.

கண்டிக்குத் திரும்பியதும் நேரே சுவாமியிடம் ஓடினேன். சுவாமி என்றால் வயசானவர் என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இப்போது நான் அவரைச் சுவாமி என்று கூப்பிட்டு முழந்தாளில் இருக்கவேண்டும். இவருக்கு என் கெட்டித்தனத்தைக் காட்டவேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. கத்தியிலிருந்து கரண்டி வரைக்கும் சொன்னேன். கம்பளியைக் கடைசிக்கு வைத்துச் சொன்னேன். அதுதானே மகுடம்.

அவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்தது பாதியில் நின்றது.

"மாஸ்டர், அந்தப் பிள்ளை இப்ப என்னத்தால போர்த்துக்கொண்டு படுக்குது?"

சாக்கால் என்றேன்.

பிறகு அவர் எனக்கு ஒரு பாடம் சொன்னார் என்று எழுத ஆசை. உண்மை அதைவிட மோசம். அந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே தெரியும். உயிருக்கு முட்டு வருகிற நேரத்தில், வேறு வழியில்லாதவன் தனக்கு வேண்டிய அளவு எடுத்தால் அது களவல்ல. பூமியில் உள்ளதை ஆண்டவர் முதலில் எல்லாருக்குமாகத்தான் படைத்தார், வேலி பிறகு வந்தது. இதை ஞானோபதேச வகுப்பில் படித்துப் பரிசும் வாங்கியவன் நான். லயத்துச் சனங்களுக்கு இதைச் சொன்னால் தோட்டத்தில் ஒரு கத்தி மிஞ்சாது என்று நானாகவே தீர்மானித்து விழுங்கியிருந்தேன். தோட்டம் என்னவோ என் அப்பன் வீட்டுச் சீதனம் மாதிரி.

"பிழையான புத்தி சொல்லி ஒருத்தருக்கு நட்டம் வரப்பண்ணினவனும் ஈடு கட்டவேணும். தெரியும்தானே?" என்றார்.

"ஓம் சுவாமி. போன ஞாயிறு நான்தான் படிப்பிச்சனான்."

"அப்ப கட்டும்," என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தைத் தின்னத் தொடங்கினார்.

கம்பளியைத் திருப்பிக் கேட்கலாம் என்று அடுத்த சனி கணக்கப்பிள்ளையிடம் போனேன். முதலைக்குப் போட்ட இறைச்சியைத் திருப்பிக் கேட்டதுபோல் ஆயிற்று. "களவு பாவம்னு ஐயாதானே சொன்னீங்க?" என்று சிரித்தார். ஸ்டோர்ச் சாமான் ஸ்டோருக்குப் போய்விட்டது, துரை உத்தரவில்லாமல் வெளியே வராது. அதோடு, ஸ்டோர் கூட்டுகிற வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டதையும் சொன்னார். யார் எடுத்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஸ்டோருக்குள் போகிறவள் அவள் ஒருத்திதான்.

மிஞ்சியது கோட்டு. ஞாயிறு கண்டிக்குத் திரும்பாமல் அன்றிரவும் அந்த அறையில் படுத்துக்கொண்டு நான் செய்த வேதசாஸ்திரத்தைப் பார்த்து சுவாமிமாருக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரும் வியந்திருப்பார். குழந்தைக்குக் கோட்டு எதற்கு, கை நீளமாக இருக்குமே? கம்பளிக்குக் கம்பளி கொடுப்பதுதானே ஈடு, கம்பளிக்குக் கோட்டு என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கோட்டில்லாமல் எனக்குச் சளி பிடித்தால் ஞானோபதேசம் யார் சொல்லுவது, ஆத்துமங்கள் அல்லவா நட்டப்படும்? ஒவ்வொரு நியாயமும் நல்ல உறுதியாக நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் லயத்தில் குழந்தை இருமுகிற சத்தம் மட்டும் இந்த நியாயங்களுக்குக் கட்டுப்படவில்லை.

திங்கட்கிழமை விடிய, வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்குத் தப்பு அடித்தது. சனமெல்லாம் பெயர் கொடுக்கப் போய் லயம் வெறிச்சோடிக் கிடந்த நேரம், திருடன் மாதிரி போய் அவள் குடியிருந்த காம்பறா வாசலில் கோட்டை வைத்துவிட்டு ஓடிவந்தேன். ஏன் நேரில் கொடுக்கவில்லை? வலக்கை செய்வதை இடக்கை அறியக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா கதை. நேரில் கொடுத்தால் நான் சொன்னது பிழை என்றும் சொல்லவேண்டி வரும். கோட்டைக் கொடுக்க ஒரு இரவு போதுமாயிருந்தது. அந்த ஒரு சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை.

வாரம் முழுக்கக் கண்டியில் குளிரில் நடுங்கினேன். நடுங்குகிறபோதெல்லாம் என்னைப் பீடத்தில் வைத்துக் கும்பிடுகிற ஒரு அர்ச்சியசிஷ்டவராக நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால், என் அறை வாசலில், நாலாக மடித்து, என் கோட்டு.

கோபம்தான் முதலில் வந்தது. நன்றி கெட்ட சாதி என்று வாய்க்குள் ஏசினேன். கோட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று லயத்துக்குப் போனேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். இருமலுக்குக் கூடக் குழந்தையிடம் பலம் இல்லை, ஒரு இழுப்புச் சத்தம்தான் வந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த ஒரு வாரமும் குழந்தை சாக்குக்குள்தான் கிடந்திருக்கிறது.

ஏன் திருப்பி வைத்தாய் என்று கேட்டேன். மெல்ல எழுந்து நின்றாள்.

"இது ஐயாவோட கோட்டுன்னு தோட்டத்துக்கே தெரியுமுங்க. எங்க வாசல்ல கெடந்தா என்னங்க சொல்லுவாங்க? அதான் ஐயா சொன்ன மாதிரியே பேர் சொல்லாம வச்சுட்டேன்."

என்னுடைய மாணவர்களில் இத்தனை நன்றாகப் பாடம் படித்தவர் வேறு யாருமில்லை. இது நான் தந்தது, உனக்குத்தான் என்றேன். அவள் கை நீளவில்லை. இனி ஒளிக்க வழியில்லை. சொன்னேன். கம்பளியைப் பற்றி நான் சொன்னது பிழை, குளிரில் சாகக் கிடக்கிற பிள்ளைக்கு வேறு போக்கில்லாமல் எடுத்தது களவாகாது, அது அந்த நேரம் பிள்ளையினுடையதுதான், வேதம் அப்படித்தான் சொல்கிறது என்று, தடுமாறித் தடுமாறி, பாடம் வராத பையனைப்போல.

அவள் யோசித்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஞானோபதேச வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அப்படின்னா, எம் புள்ளகிட்டருந்து அதத் திருடுனது யாருங்கய்யா?"

கேள்வியும் பதிலுமாகவே பிழைப்பு நடத்தியவன் நான். இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பதில் மட்டும் தெரிந்திருந்தது.

"நான்தான்," என்றேன்.

சரியாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து நான் தலையாட்டுவேனே, அதே மாதிரித் தலையை ஆட்டினாள். கோட்டை வாங்கிப் பட்டுத்துணி உள்ளே வரும்படி குழந்தையைச் சுற்றினாள். கோட்டின் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். பிறகு என்னை உட்காரச் சொல்லி ஒரு தேத்தண்ணீர் வைத்துத் தந்தாள். தேயிலைத் தூள் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.