குளிரைக் கழிக்காத கணக்கு

சிங்கப்பூர் தேக்காவில் குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் ஓர் இளந்தாய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கலைந்த கூந்தல், தோளில் பால் கறை, மடியில் கைக்குழந்தை. நான் என் மகனின் நெற்றியையே தொட்டுத் தொட்டுக் கலங்கிக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு முறையும் தன் நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார்.

"வேலையில வந்த பழக்கம், ஒப்பிட இன்னொரு சூடு வேணும்," என்றார். அணுக்கரு உருகி, அதன் உள்துகள்களான குவார்க்கும் குளுவானும் பிரிந்துகிடக்கும் கடுஞ்சூட்டில் அழுத்தம் எவ்வளவு என்று பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டவராம்.

"சூட்டுக்கு ஒரு கணக்கு, குளிருக்கு ஒரு கணக்கு. கழிச்சாத்தான் விடை. சூடு முடிஞ்சுது. குளிருக்குத்தான் ரொம்ப நேரம் பிடிக்கும். பிரசவ லீவுல போனேன், என் கம்ப்யூட்டர் நேரத்த வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. குளிர்க் கணக்கு இல்லாம இதுவரை செஞ்சதெல்லாம் குப்பை."

"திரும்பக் கேளுங்க லா."

"கேட்டேன். 'பிள்ளையப் பாத்துக்கோ, குவார்க் எங்கயும் ஓடிப்போகாது'ன்னு பேராசிரியர் சிரிக்கிறாரு."

அதற்குள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய மாமியார், "இங்கயுமா கணக்கு? பேரு கூப்பிடுறாங்க, எழுந்திரு!" என்று அதட்டினார். அவர் எழுந்து போனார்.

இன்றும் மகனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் என் நெற்றியைத்தான் தொடுகிறேன். அவரை அந்தக் குளிர்க் கணக்கை முடிக்க விட்டிருப்பார்களா என்று எண்ணுவேன். நான் கேட்டிராத அந்தப் பேராசிரியரின் சிரிப்பு காதில் விழும். மனம் ஆறாது.