அவளுக்கு மட்டும் பேசிய கேசட்

என் வீட்டுக்காரர் துபாய்க்குப் போன பிறகு, கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். ஓடைப்பட்டி வீட்டில் டேப் ரெக்கார்டரின் பொத்தான்களைக் கொழுந்தன் மட்டுமே அமுக்குவார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

ஒருமுறை, திராட்சைக்கு மருந்தடிப்பது பற்றிப் பேசி முடித்தவர், “இனிமே பேசுறது அவளுக்கு மட்டும்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அண்ணன் மதினிகிட்ட குசுகுசுக்கப் போறாக” என்று சிரித்தபடி கொழுந்தன் டேப்பை வேகமாக ஓட்டிவிட்டார்.

“வெக்கங்கெட்ட பய! ஆத்தா கேப்பாளேங்கிற நெனப்பு இருக்கா பாரு” என்றார் மாமியார்.

பிறகாவது போட்டுக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து அனுப்பினார்கள். எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

அடுத்து வந்த கேசட்டில், “நான் கேட்டதுக்கு அவ ஒண்ணுமே சொல்லலையே” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“பதிலச் சொல்லுங்க மதினி” என்று கொழுந்தன் பொத்தானை அமுக்கி, பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“சரிங்க” என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதன்பின் எந்தக் கேசட்டிலும் அவர் எனக்கென்று தனியாகப் பேசவில்லை.