குழல் வாயிலிருந்த துணி

என் கொழுந்தனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. கூடப்பிறந்த அண்ணனே சுட்டுவிட்டான் என்று மலைமேல் எங்கள் அரியூர் நாட்டு ஊர்கள் எல்லாம் பேசின. அந்த அண்ணன் என் வீட்டுக்காரர். நான்கு வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். நடந்ததற்குக் காரணம் ஒரு கையளவு துணி. அதை எடுத்தவள் நான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மரவள்ளி போட்டவனுக்குத் தூக்கம் போச்சு என்று அர்த்தம். கிழங்கு பெருக்கிற மாதங்களில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். ஒரே ராத்திரியில் ஒரு வருஷப் பாட்டைத் தோண்டிப்போட்டுப் போய்விடும். அதனால் பல வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் எல்லாம் எவனிடமும் கிடையாது. எங்கள் வீட்டுத் துப்பாக்கி மாமனார் விட்டுப்போனது. குழல் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய வகை. ஒருமுறை கெட்டித்துவிட்டால் சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். பன்றி வராத நாளில் சும்மா சுட்டால் மருந்தும் வீண், சத்தம் ஃபாரஸ்ட்காரர் காதுக்கும் போகும். ஆகவே கெட்டித்தபடியே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு நீர்விடும், தீப்பெட்டி பற்றாது, மருந்து நமத்துப்போகும். நமக்காமல் இருக்க எங்கே வைப்பது? வேறெங்கே, என் அடுப்புக்கு மேலேதான். சுவரில் இரண்டு முளை அடித்து, புகை படுகிற உயரத்தில் படுக்கப் போட்டிருந்தார்கள். நான் முணுமுணுத்தால், "கேப்பு வெக்காத வரைக்கும் அது வெறும் கம்பி புள்ள, பயப்படாத" என்பார் வீட்டுக்காரர். விசையை இழுத்ததும் பொறி தட்டுகிற அந்தச் சின்னக் கேப்பு தனியாக ஒரு டப்பாவில் இருக்கும். அதோடு பத்திரம் முடிந்தது என்று அவர்கள் நினைப்பு.

உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பதற்கு அண்ணன் தம்பிக்குள் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். குழல் வாயில் துணி அடைத்திருந்தால் மருந்து இருக்கிறது. துணி இல்லையென்றால் காலி. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பொம்பளை துப்பாக்கியைத் தொடக் கூடாது, தொட்டால் குறி தப்பும் என்பது அந்த வீட்டு வழக்கம். தொடக் கூடாதவளுக்கு எதற்கு அந்தச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டார்கள். நான் பிறந்த திருப்புலி நாட்டில் எங்கப்பாவும் குழலில் துணி அடைப்பார். ஆனால் அது காலித் துப்பாக்கியில், உள்ளே குளவி கூடு கட்டாமல் இருக்க. நான் ஒன்பது வருஷம் அதைக் குளவிக்கு அடைத்த துணி என்று நினைத்து, அதன் அடியில் குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். அடுப்பு என்னுடையது, அதற்கு மேலே தொங்குகிற எமனைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்ல அவர்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அந்த வருஷம் போலீஸ் ஜீப் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைத் தாங்களே கொண்டுவந்து ஒப்படைத்தால் கேஸ் இல்லை, நாங்கள் வந்து பிடித்தால் கேஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் கொடுத்துவிடலாம் என்றார். கொழுந்தன் துள்ளினான்.

"குடுத்துப்போட்டு? பன்னி வந்தா நீ கையெடுத்துக் கும்புட்டுத் தொரத்துவியா?"

"கேசுன்னு வந்தா நீயாடா ஜெயிலுக்குப் போவ?"

"நாளைக்கு அதைத் தொட்டுப் பாரு, கைய முறிச்சுப்போடறேன்!"

"நீ முறிக்கற வரைக்கும் நான் பாத்துட்டு நிப்பனா?"

இந்தச் சண்டையைப் பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். மறுநாள் ஆளாளுக்குச் சாட்சி ஆனார்கள். உண்மையில் அது அவர்கள் வழக்கமாகப் போடுகிற சண்டைதான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வட்டிலில் மரவள்ளிக் கிழங்கைப் பிய்த்துத் தின்றார்கள். அதைச் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

கொழுந்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, நாற்பது அடி உயரத்தில் ஒரு காலை ஏணியிலும் ஒரு காலை மரத்திலும் ஊன்றி மிளகு பறிப்பான். மேலே நின்றுகொண்டு என்னைக் கிண்டல் செய்வான். "அண்ணி, இங்கிருந்து பாத்தா உங்க அப்பன் ஊடு தெரியுது, உங்களத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கறாரு!" மாமியார் இல்லாத வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அவன்தான்.

சண்டைக்கு மறுநாள் விடிகாலையில் காட்டுக் காவலிலிருந்து வந்தான். பன்றி வரவில்லை. கெட்டித்த துப்பாக்கியை முளையில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்தான். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் குளிக்கப் போனான். நான் அடுப்பில் சாமைச் சோறு வைத்திருந்தேன். திடீரென்று கஞ்சி பொங்கி வழிந்தது. பிடிதுணியைத் துவைத்து வெளியே கொடியில் போட்டிருந்தேன். கைக்கு எட்டுகிற உயரத்தில் குழல் வாயில் சிவப்புத் துண்டின் கிழிசல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உருவினேன், பானையை இறக்கினேன், துணியை விறகுப் பக்கம் போட்டேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

அப்புறம் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். குழல் வாயைப் பார்த்தார்.

"துணி இல்ல, காலிதான். அவன் வர்றதுக்குள்ள கொண்டு போயிக் குடுத்துட்டு வாரேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

காலித் துப்பாக்கியை ஒருவரிடம் கொடுக்கும் முன்னால் ஒரு கேப்பை வைத்து விசையை இழுத்துக் காட்டுவது எங்கள் ஆட்களின் பழக்கம். பட்டென்று கேப்பு மட்டும் வெடிக்கும். பார்த்தாயா காலி என்பார்கள். ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் துணியைத்தான் பார்த்தார். வாசலில் நின்று, குழலை வீட்டு மூலைப் பக்கம் தாழ்த்திப் பிடித்து, கேப்பை வைத்து இழுத்தார். அதே நேரம் மூலையைத் திரும்பிக் கொழுந்தன் வந்தான்.

வெடிச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. ஓடி வந்து பார்த்தபோது அவன் ஈரத்துண்டோடு மண்ணில் உட்கார்ந்திருந்தான். காலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் "அண்ணா!" என்று கத்தினான். ஐயோ, அந்தச் சத்தம்! வீட்டுக்காரர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினார்.

ஆம்புலன்ஸில் அவன் தலையை என் மடியில் வைத்திருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் கத்தினான். பாதி மலை இறங்கியதும் கத்துவதை நிறுத்திவிட்டான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சாமி, கண்ணத் தொற சாமி" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தேன். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், காலை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு போலீஸ் அதிகாரி வாக்குமூலம் வாங்க வந்தார். நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன்.

"துணி வெச்சிருந்தனுங்க. என் கையால அடைச்சேன். துணி இருந்தா மருந்து இருக்குதுன்னு அவனுக்கும் தெரியும். புடுங்கிப் போட்டுட்டுத்தான் சுட்டிருக்கான்" என்றான் கொழுந்தன்.

"உங்கண்ணன் துணியே இல்லைங்கறான்."

"பொய்யிங்க!"

துணிக்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. அவன் சொன்னதும் உண்மை, வீட்டுக்காரர் சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதிகாரி நோட்டை மூடிக்கொண்டு சலிப்போடு பேசினார். "துணி இருந்தா என்னய்யா, இல்லாட்டி என்ன? துப்பாக்கின்னாலே உள்ள மருந்து இருக்குன்னுதான் எடுக்கணும். ஆள் நடமாடுற பக்கம் அதோட வாயைத் திருப்பலாமா? ஊட்டுக்குள்ள, அதுவும் அடுப்புக்கு மேல கெட்டிச்சு வெச்சிருக்கீங்க. இத்தனை நாளா எப்படிப் பொழைச்சுக் கெடந்தீங்கன்னுதான் ஆச்சரியமா இருக்கு."

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இந்தக் காலை நீதான் எடுத்தாய் என்று அவன் என்னைப் பார்ப்பானே என்ற பயம். ஊரே என்னைக் காறித் துப்புமே என்ற பயம். மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனபோது அந்தக் கிழிசல் விறகுப் பக்கம் அப்படியே கிடந்தது. போட்டுக் கொளுத்தினேன். சிவப்பு கறுத்து, சாம்பலாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் நாற்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். கொலை முயற்சி என்று கேஸ். வாய்தா மேல் வாய்தா. கொழுந்தன் கட்டையை ஊன்றி நடக்கப் பழகினான். மரம் ஏறுகிறவன் வாசலில் உட்கார்ந்து, கூலி ஆள் பறித்துவந்த மிளகைக் காம்பு நீக்கினான். ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு அண்ணனோடு ஒரு வார்த்தை பேசமாட்டான். "அண்ணி, உங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க, மழை வருது, மொளகை அள்ளச் சொல்லுங்க" என்பான், அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. என்னிடம் மட்டும் பழைய பிரியம். நான் புண்ணுக்கு மருந்து வைத்தவள், நான்தான் காப்பாற்றினேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஊர்ப் பெண்களிடம் மட்டும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய், "உன் அடுப்புக்கு மேல என்னடி தொங்குது? இன்னிக்கே கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லு, இல்லாட்டி சோறாக்காத" என்று சண்டை போட்டேன். நான்கைந்து துப்பாக்கிகள் அப்படி ஸ்டேஷனுக்குப் போயின. அதில் என் மனசு கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

போன வருஷம் கோர்ட்டிலிருந்து கொழுந்தனுக்கு சம்மன் வந்தது. அடுத்த வாரம் சாட்சி சொல்ல வேண்டும். அவன் சொல்கிற ஒரு வார்த்தையில் வீட்டுக்காரர் பல வருஷம் உள்ளே போய்விடுவார் என்று வக்கீல் சொன்னார். அன்று மத்தியானம் இரண்டு பேருக்கும் வட்டில் வைத்தேன், ஒருவருக்கு வாசலில், ஒருவருக்கு உள்ளே. நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னேன்.

"துணிய நான்தான் எடுத்தேன். சோத்துப்பானை எறக்க எடுத்தேன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது."

வீட்டுக்காரர் கையிலிருந்த உருண்டை வட்டிலிலேயே விழுந்தது. எழுந்து நிலைப்படிக்கு வந்தார். "துணிய எடுத்தது நீ. உள்ள பாக்காம இழுத்தது நானு. அதை உன் தலையில கட்ட மாட்டேன்."

கொழுந்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் துணி எங்க?" என்றான்.

"எரிச்சுட்டேன் சாமி."

"எப்ப?"

"நீ ஆஸ்பத்திரியில இருக்கறப்ப."

அவன் வட்டிலைத் தள்ளிவைத்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "எடுத்தது தெரியாம எடுத்தீங்க. எரிச்சது தெரிஞ்சுதானுங்க எரிச்சீங்க?" என்றான்.

அடுத்த வாரம் கூண்டில் ஏறி, "எங்கண்ணன் வேணும்னு சுடலீங்க, தெரியாம நடந்துபோச்சு" என்று சொன்னான். துணியைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை, என் பெயரும் வரவில்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கான கேஸ் இன்னும் நடக்கிறது, அது நடக்கட்டும். கோர்ட்டை விட்டு இறங்கும்போது படியில் கட்டை வழுக்கியது. "அண்ணா" என்று கையை நீட்டினான். அவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டேன். இரண்டு பேரும் தோளோடு தோளாக எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

இப்போது அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். நான் சோறு போட்டால் கொழுந்தன் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, வட்டிலைத் தானே கழுவி வைக்கிறான். ஏதாவது வேண்டுமென்றால், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அண்ணா, உன் ஊட்டுக்காரிகிட்டக் கொஞ்சம் உப்புக் கேளு" என்கிறான்.