சந்தவாசல் மாப்பிள்ளையின் எக்ஸ்ரே

போன மாசம் சந்தவாசலுக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனேன்.

என் தங்கை பெண் நித்யாவுக்கு வந்த வரன். பையன் பெயர் தினேஷ். பெங்களூரில் விஞ்ஞானி என்று தரகர் சொன்னார். தரகர் சொன்னால் நம்பிவிடுகிற ஆளா நான்? வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா... ஆரணியில் முப்பது வருஷமாகப் பட்டு வியாபாரம். யார் புடவையை விரித்தாலும் என் கை தானாக அதைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கத்தைத்தான் பார்க்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் கேட்டேன். எக்ஸ்ரே சம்பந்தமான வேலை என்றார் கடைக்காரர். ஆக, ஆஸ்பத்திரி டெக்னீஷியன். கொஞ்சம் தள்ளி உரக்கடையில் கேட்டால், பையன் நட்சத்திரம் பார்க்கிறவன் என்றார்கள். ஆக, ஜோசியன்! ஒரே பையனுக்கு மூன்று உத்தியோகமா?

வேறு வரனாக இருந்தால் அங்கேயே வேண்டாம் என்று முடித்திருப்பேன். இந்த முறை முடியவில்லை. காரணம் — நித்யாவுக்கு வந்த முதல் வரனைக் கெடுத்தது நான்தான்.

போன வருஷம் அந்தப் பையன் வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனிக்கு ஒரு போன் போட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். போதாதா? ஃப்ராடு என்று சொல்லிக் கலைத்துவிட்டேன். அந்தக் கம்பெனிக்கு இரண்டு ஆபீஸ், நான் கூப்பிட்டது மற்றொன்று என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் கண்ணமங்கலத்தில் அவனுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. நித்யாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. என்னிடம் அவள் சண்டை போடவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள். தூக்கி வளர்த்த பெண் இப்படி இருந்தால் சோறு இறங்குமா?

தங்கை தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அண்ணா, நீ பாத்து சொல்றதுதான். ஆனா இந்த தபா தப்பாச்சுன்னா, அவ கல்யாணமே வேணாம்னுடுவா."

பையனையே ஆரணிக்கு வரச் சொன்னேன். ஒல்லியாக வந்து உட்கார்ந்தான். என்னதான் வேலை என்று நேராகவே கேட்டேன்.

வானத்தில் ஜோடி நட்சத்திரங்கள் உண்டாம். ஜோடியில் ஒன்று செத்துக் கருந்துளை ஆகிவிட்டால், பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்குமாம். விழும்போது அந்த வாயு பயங்கரமாகச் சூடாகி எக்ஸ்ரே வீசும். அதைத்தான் இவன் ஆராய்கிறான். சரி... எக்ஸ்ரே, நட்சத்திரம், விஞ்ஞானி, மூன்றும் பொருந்திவிட்டது.

அடுத்து ஒன்று சொன்னான் பாருங்கள். உலோகம் குறைவான கேலக்ஸியில்தான் இந்த எக்ஸ்ரே அதிகமாம்!

மாட்டினான் என்று நினைத்தேன். ஜரிகையில் எத்தனை வெள்ளி, எத்தனை செம்பு என்று எங்கள் ஊரில் எக்ஸ்ரே மெஷினில் வைத்துத்தான் பார்க்கிறோம். வெள்ளி கம்மியானால் அது தரும் எக்ஸ்ரேயும் கம்மி. பட்டு விற்கிற எவனுக்கும் இது தெரியும். மெஷினிலேயே காட்டிவிடலாம் என்று ஒரு முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டு, அவனை அடுத்த தெரு டெஸ்டிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன்.

வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தான். மெஷினில் நாம் எக்ஸ்ரேயை ஜரிகைமேல் பாய்ச்சுகிறோம், உலோகம் பதில் தருகிறது. வானத்தில் கதை வேறு. பெரிய நட்சத்திரத்தில் உலோகம் நிறைய இருந்தால், அதன் வெளிச்சமே அந்த உலோகத்தைப் பிடித்துத் தள்ளி, உடம்பைக் காற்றாக ஊதிக் கரைத்துவிடும். உலோகம் குறைந்தால் கரைவதும் குறைவு. கனம் குறையாமல் செத்தால் கருந்துளையும் பெரிசு. ஜோடியும் ரொம்ப விலகாமல் நெருக்கமாகவே சுற்றும். அதனால் எக்ஸ்ரே அதிகம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்தால்தானே எனக்குப் பயம்? அதிலும் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே அவர்கள் பாஷையில் உலோகமாம், ஆக்சிஜன்கூட! ஆக்சிஜனை உலோகம் என்கிறவனை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா?

சென்டரில் புடவையின் பார்டரை மெஷினில் வைத்தார்கள். செம்பு எகிறியிருந்தது. வெள்ளி ரொம்பக் குறைவு. எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷமாக ஜரிகை கொடுக்கிறவரே இப்படிச் செய்துவிட்டாரே! போனை எடுத்துவிட்டேன்.

தினேஷ் மெதுவாகச் சொன்னான். "ஒரே எடத்துல வெச்சுப் பாத்துட்டு யாரையும் திட்டாதீங்க சார். வேற எடத்துலயும் வெச்சுப் பாக்கலாங்க."

வைத்தார்கள். வெள்ளி சரியாக இருந்தது. மூன்றாவது இடத்திலும் சரி. முதலில் வைத்த மடிப்பை அவன் பிரித்தான். லேபிள் குத்திய பித்தளை பின் ஒன்று உள்ளே இருந்தது. பித்தளை என்றால் பெரும்பாலும் செம்புதானே!

அவன் வேலையிலும் இதே பேஜார்தானாம். சின்ன கேலக்ஸியில் இப்படிப்பட்ட ஜோடிகள் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதில் ஒன்று தாறுமாறாகப் பிரகாசித்தால் மொத்தக் கணக்கும் ஏமாற்றிவிடும். அதனால் நிறைய கேலக்ஸிகளைச் சேர்த்துப் பார்க்கிறார்களாம். அப்படிப் பார்த்த பிறகாவது சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்டேன்.

"எங்கங்க... உலோகம் கம்மிங்கறதாலயா, இல்ல அங்க நட்சத்திரமெல்லாம் புதுசுங்கறதாலயான்னு இன்னும் பாத்துகினுதான் இருக்கோம். மொதல்ல என் கணக்கத்தான் நான் சந்தேகப்படுவேன்."

என் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னை ஒரு தரம்கூடச் சந்தேகப்பட்டதில்லை. அந்த முதல் பையனை நான் ஒரே இடத்தில்தான் வைத்துப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனேன். நித்யா வழக்கம்போல என்னைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினாள். நிறுத்தி, போன வருஷம் நடந்தது என் தப்பு என்றேன். இந்தப் பையனைப் பற்றி நான் முடிவு சொல்லப்போவதில்லை, நீயே பேசிப் பார் என்று நம்பரைக் கொடுத்தேன். வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

"பேசிட்டு சொல்றேன் மாமா."

எட்டு மாசத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிச்சயதார்த்தம் இந்த ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டுப் புடவை நேற்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

நித்யாதான் டெஸ்டிங் சென்டருக்கு எடுத்துப்போய் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாளாம்!